பதிவு பெற்ற அடிபட்டவர்

அந்தச் சாரணர் படைக்கு வந்த கஷ்டம் வேறு எந்தப் படைக்கும் வந்திருக்காது. பிள்ளைகள் இருந்தார்கள், கழுத்துப்பட்டை இருந்தது, கொடி இருந்தது, கொடி ஏற்றக் கம்பமும் இருந்தது. உதவி தேவைப்படுகிற ஆள்தான் கிடைக்கவில்லை.

சாரணர் என்றால் தினம் ஒரு நல்ல காரியம் செய்தாக வேண்டும். செய்தால் மட்டும் போதாது, பெரியவர் ஒருவர் அதைப் பார்த்ததாகச் சொல்லவும் வேண்டும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் முச்சந்தியில் ஒரு பட்டாளமே காத்து நிற்கும். கைத்தடியோடு யார் வந்தாலும் ஆளுக்கொரு கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். அடுத்த பிள்ளைக்கும் வாய்ப்பு வேண்டுமே என்று திரும்ப இந்தப் பக்கம் கூட்டிவருவார்கள். இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர் இப்படிச் சாயங்காலம் முழுக்கச் சாலையைக் கடந்துகொண்டே இருந்தார். மருந்துக் கடைக்காரர் கதவைப் பூட்டும்போதுதான் அவரை விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்கள். சிலர் கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கவும் பழகிவிட்டார்கள்.

"நமது சேவையின் பயனாக முதியோர் பலர் ஊன்றுகோல் இன்றி நடக்கத் தொடங்கியுள்ளனர்" என்று படைத்தலைவர் அந்த வருஷ அறிக்கையில் எழுதினார்.

படைத்தலைவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதைக் கழற்றியதாகச் சரித்திரம் இல்லை. பிள்ளைகள் அவரை விசில் மாமா என்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். அவர்தான் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அந்தப் புகழ்பெற்ற பேச்சைப் பேசினார்.

"உதவி செய்யற மனசு நம்ம பிள்ளைங்ககிட்ட கொட்டிக் கிடக்கு. உதவியை வாங்கிக்கிற மனசுதான் ஜனங்ககிட்ட இல்ல. எல்லாரும் சுயநலமா நல்லா இருக்காங்க. இப்படியே போனா நம்ம பிள்ளைங்க எப்படி பேட்ஜ் வாங்குவாங்க? எப்படி ஏரிக்கரை முகாமுக்குப் போவாங்க? அதனால நம்ம பெற்றோர்லேர்ந்தே ஒருத்தரை நிரந்தரமா அடிபட்டவரா நியமிக்கலாம்னு குழு முடிவு பண்ணியிருக்கு."

பெற்றோர் எல்லாரும் அவரவர் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். படையின் செயலாளரான அம்மாள் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இவரோட வீட்டுக்காரம்மா சொல்லியிருக்காங்க," என்றார் செயலாளர். "லிஃப்ட் குழிக்குள்ள மணிக்கணக்கா மல்லாந்து படுத்தே வேலை பாப்பாராம். அசையவே மாட்டாராம்."

கைதட்டல் எழுந்தது. லிஃப்ட்காரர் எழுந்து மறுக்கத்தான் வாயைத் திறந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்ற அவருடைய மகள் அவரைப் பார்த்தாள். ஏழாவது படிக்கிறவள். கூடாரத்தில் ஒரு தடவையாவது தூங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்காக நாற்காலிக் காலிலும் கதவுப் பிடியிலும், ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற அப்பாவின் கால் கட்டைவிரலிலும் முடிச்சுப் போட்டுப் பழகுகிறவள். லிஃப்ட்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மௌனம் சம்மதமாக ஏற்கப்பட்டு, அவர் சட்டையில் 'பதிவு பெற்ற அடிபட்டவர்' என்ற வில்லை குத்தப்பட்டது.

அதிலிருந்து அவர் படாத பாடு பட்டார். திங்கட்கிழமை வழி தவறினார், தன் வீட்டு வாசலிலேயே. செவ்வாய்க்கிழமை வெயிலில் மயங்கினார். மழை பெய்தது, ஆனால் நிகழ்ச்சி நிரலில் வெயில் என்றுதான் இருந்தது. புதன்கிழமை தண்ணீரில் மூழ்க வேண்டும். தண்ணீர் இல்லாததால் விளையாட்டுத் திடலின் மணலில் மூழ்கினார். மூன்று பிள்ளைகள் அவரைக் கரைசேர்த்து வயிற்றை அழுத்தினார்கள். வயிற்றிலிருந்து மத்தியானச் சாப்பாடுதான் வெளியே வந்தது. அதற்குத் தனிப் பாராட்டு கிடைத்தது.

விதிகள் கறாரானவை. அடிபட்டவர் தானாக எழக் கூடாது. விசில் ஊதும் முன் நன்றி சொல்லக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் எதையும் பார்க்கவோ கேட்கவோ கூடாது. "நீங்க கண் சிமிட்டினா ஒரு பிள்ளையோட எதிர்காலம் போச்சு," என்று செயலாளர் அடிக்கடி சொல்லுவார். லிஃப்ட்காரர் தலையாட்டப் போய், தலையாட்டலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து அப்படியே நிறுத்திக்கொள்வார்.

அறிவிப்புப் பலகையில் வரப்போகிற பயணங்கள் ஒட்டப்பட்டிருந்தன. முதலில் 'மலையேற்றம்', மலை கிடைக்காத பட்சத்தில் நூலகத்தின் மாடிப்படியில் நடைபெறும். அடுத்தது 'இரவு வானத்தில் நட்சத்திரம் காணல்', பெற்றோர் வேண்டுகோளுக்கிணங்கப் பகலில் நடைபெறும். அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'ஏரிக்கரை முகாம், மூன்று நாள், நிஜக் கூடாரம்'. மாவட்ட ஆணையர் வந்து ஆய்வு செய்வார், அதில் தேறுகிறவர்களுக்கு மட்டும் இடம். மகள் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தப் பலகை முன் நின்றுவிட்டுத்தான் நகர்வாள்.

ஆய்வுக்கு 'சாலை விபத்தும் முதலுதவியும்' என்று முடிவானது. ரத்தம் வேண்டும். சிவப்பு மையைத் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள்.

"சோகையா இருக்கே," என்று உதட்டைப் பிதுக்கினார் விசில் மாமா. "ஆணையர் மேடையில உக்காந்திருப்பார். அங்கேர்ந்து பாத்தா பளபளன்னு தெரியணும். உங்க தொழில்ல ஏதாவது பளபளப்பு கிடைக்காதா?"

லிஃப்ட்காரருக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்ததோ தெரியாது. லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்துக்குப் போடுகிற எண்ணெயில் ஒரு டப்பா கொண்டுவந்து, அதில் சிவப்புப் பொடியைக் கரைத்தார். வெயிலில் தகதகவென்று மின்னியது. எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான், இல்லை என்று சொல்ல முடியாது.

ஆய்வு நாள் வந்தது. ஆணையர் நெஞ்சு நிறையப் பதக்கத்தோடு மேடையில் உட்கார்ந்தார். திடலின் நடுவே லிஃப்ட்காரர் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று முகம் முழுக்க முன்கூட்டியே கட்டுப் போட்டிருந்தார்கள், தலையிலிருந்து எண்ணெய் ரத்தம் ஓடிப் பாதை வரை பரவியிருந்தது. விசில் ஊதியது. மகள் தலைமையில் நான்கு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவள் கை அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவள் முகாமுக்குப் போகிறாள்.

அந்த நேரம் பார்த்துச் சலவைக் கடைக்கார அம்மாள் திடலுக்குள் வந்தார். ஆணையருக்குப் போர்த்த வேண்டிய பட்டுச் சால்வையை இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், தாமதமாகிவிட்டது. சால்வையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவசரமாக வந்தவர் காலடியைப் பார்க்கவில்லை. எண்ணெயில் கால் வைத்ததுதான் தெரியும். சறுக்கிக்கொண்டு போய்த் தொப்பென்று விழுந்தார்.

"ஐயோ, என் காலு! யாராவது வாங்களேன், காலு போச்சே!"

திடல் முழுக்க ஒரே கைதட்டல். ஆணையர் படைத்தலைவர் பக்கம் சாய்ந்து, "ரெண்டாவதா ஒருத்தங்களையும் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே! இவங்க நடிப்பு அவரை விட இயல்பா இருக்கு," என்றார். விசில் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பணிவாகச் சிரித்துவைத்தார்.

கட்டுக்குள் கண்ணை மூடிக் கிடந்த லிஃப்ட்காரருக்கு எல்லாம் கேட்டது. எண்ணெயில் செருப்பு வழுக்குகிற சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் கேட்டது. அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் செய்வதோ லிஃப்டில் சிக்கியவர் அலார மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓடுகிற தொழில். கால் கட்டைவிரல் தானாக ஒரு தடவை ஆடியது. ஆனால் முடிக்கிற விசில் இன்னும் ஊதவில்லை. மகளுடைய முகாம் அவருடைய அசையாமையில் இருந்தது. அந்த அம்மாள் கத்திக்கொண்டே இருந்தார். லிஃப்ட்காரர் கட்டை மாதிரி கிடந்தார்.

மணிக்கட்டிலிருந்து மகளின் கை விலகியது.

"அப்பா, கொஞ்சம் இருங்க," என்று அவள் மெதுவாகச் சொன்னது கேட்டது. பிறகு அவள் ஓடும் சத்தம். அப்பாவுக்குக் கட்டவென்று எடுத்து வைத்திருந்த மரச்சட்டத்தையும் துணியையும் அவள் அந்த அம்மாளின் காலில் கட்டினாள். பட்டுச் சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். மேடையில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் ஆணையரின் கார் ஓட்டுநர்தான், "சார், அந்தம்மாவுக்கு நிஜமாவே கால் திரும்பியிருக்கு," என்று சொல்லி, காரிலேயே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வண்டி இல்லாமல் ஆணையர் திடலில் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் குற்றமும் மகள் கணக்கில் சேர்ந்தது.

விசாரணை மறுவாரம் படை அலுவலகத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் விசில் மாமாவும் செயலாளரும் இன்னும் சில பெரிய மனிதர்களும் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் வீட்டில் முதுகுப்பைகளும் புது டார்ச் விளக்குகளும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

"பதிவு பெற்ற அடிபட்டவரை நடுவழியில் கைவிட்டது," என்று செயலாளர் குற்றத்தைப் படித்தார்.

"அந்த அக்காவுக்கு நிஜமா அடிபட்டுச்சு," என்றாள் மகள்.

"இருக்கலாம்மா," என்றார் விசில் மாமா, கனிவாக. "யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா நிகழ்ச்சி நிரல்ல ஒரே ஒரு அடிபட்டவர்தானே இருக்கார்? கண்டவங்க கண்ட இடத்துல விழுவாங்க. எல்லாருக்கும் ஓடிட்டிருந்தா சேவை எப்போ பண்றது?"

"அவங்க கத்தினாங்க."

"கத்தினாங்களான்னு பக்கத்துல கிடந்தவரைக் கேட்போம். நீங்க சொல்லுங்க, அலறல் ஏதாவது கேட்டுச்சா?"

லிஃப்ட்காரர் எழுந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் செயலாளர் விரலை உயர்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க. கேட்டுச்சுன்னா நீங்க மயக்கத்துல இல்ல. மயக்கம் இல்லைன்னா முதலுதவி செல்லாது. முதலுதவி செல்லாதுன்னா ஆய்வு செல்லாது. மொத்தப் படைக்கும் முகாம் ரத்து."

ஜன்னலில் இருந்த முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன. முகாமே ரத்தானால் மகளும்தானே போக முடியாது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். கேட்கவில்லை என்று சொன்னால் இவளைக் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள், சின்னப் பெண்தானே, என்று தன் மனத்துக்குத் தானே ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்.

"மயக்கத்துல இருந்தேங்க," என்றார். "ஒண்ணும் கேக்கல."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

தீர்ப்பு அன்றே வந்தது. பக்கத்திலேயே கிடந்தவருக்குக் கேட்காத அலறல் மற்றவர்க்குக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆகவே அலறல் எதுவும் எழவில்லை. எழாத அலறலைக் கேட்டு ஓடிய சாரணியின் கழுத்துப்பட்டை திரும்பப் பெறப்படுகிறது, முகாமில் அவருக்கு இடமில்லை. பெற்ற மகளே கைவிட்டுப் போன நிலையிலும் அசையாமல் கடமையாற்றிய அடிபட்டவருக்குப் பதக்கம் வழங்கப்படுகிறது. முகாமில் அவர் ஏரியில் மூழ்கவும், பாம்பு கடிக்கவும், காட்டில் காணாமல் போகவும் வேண்டியிருப்பதால் பேருந்தின் முன்வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்படுகிறது.

லிஃப்ட்காரர் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு முகத்துல மாட்டுங்க," என்றாள் மனைவி. "அங்கதான் இப்போ ஒண்ணும் இல்லாம வெறிச்சோடிக் கிடக்கு."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிலும் மனம் நிற்கவில்லை. எண்ணெய் டப்பாவைத் தொட்டாலே கை கூசியது. மகள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் வழக்கம்போலச் சாப்பிட்டாள், படித்தாள், பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சலவைக் கடைக்கார அம்மாளுக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை, யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. ஒரு நாள் அவரும் கூடவே கிளம்பினார். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாள் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக் கிடந்தார். லிஃப்ட்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு முகம் முழுக்கக் கட்டு அல்லவா.

"பாப்பாவோட அப்பாவா? தங்கமான பொண்ணை வளர்த்திருக்கீங்க சார்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரே ஒரு கவலைதான். அன்னிக்கு என் பக்கத்துல ஒருத்தர் ரத்த வெள்ளத்துல கிடந்தார். என் காலு கிடக்கட்டும், அவரை முதல்ல பாரு கண்ணுன்னு சொன்னேன், பாப்பா கேக்கல. அவருக்கு மயக்கம் தெளிஞ்சுதா?"

மகள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இன்னும் தெளியல அக்கா."

"அடப் பாவமே. குழந்தை குட்டி இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கா."

"அந்தப் புள்ள என்ன பாடுபடுதோ," என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அறிவிப்புப் பலகை வந்தது. அன்று மகள் அதன் முன்னால் நிற்காமல் நடந்தாள்.

"அன்னிக்கு உங்க கட்டைவிரல் ஆடுச்சுப்பா," என்றாள். "அந்த அக்கா கத்தினப்போ. நான் பாத்தேன்."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

முகாம் கிளம்புகிற காலையில் லிஃப்ட்காரர் பையில்லாமல் பேருந்துக்கு முன்னால் போய் நின்றார். கையில் பதக்கமும் வில்லையும் இருந்தன. பின்னால் மகள், பள்ளி உடுப்பில்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் சத்தமாக. "அந்தம்மா கத்தினது முழுசாக் கேட்டுச்சு. நான் மயக்கத்துலயே இல்ல. வழுக்கிவிட்ட எண்ணெயும் நான் கொண்டுவந்ததுதான். எழுந்து போகாம கிடந்தேன், அப்புறம் பொய்யும் சொன்னேன். என் பொண்ணு பண்ணினதுதான் சரி."

விசில் மாமா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பதறவே இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க மயக்கத்துல இருந்ததா குழு தீர்ப்பு சொல்லியாச்சு. மயக்கத்துல இருந்தவருக்கு என்ன கேட்டிருக்கும்? ஏதோ கேட்ட மாதிரி இருந்திருக்கும். அதை எப்படி நாங்க சாட்சியா எடுத்துக்க முடியும்?"

"நான் மயக்கத்துல இல்லைங்க!"

"மயக்கத்துல இருந்தவங்க எல்லாரும் தெளிஞ்ச பிறகு இப்படித்தான் சொல்றாங்க," என்றார் விசில் மாமா, அவர் தோளில் தட்டிக்கொடுத்து. "பாவம், அடி பலம் போலிருக்கு. ஏறுங்க, நேரமாச்சு. சாயங்காலம் நீங்க மூழ்கணும்."

லிஃப்ட்காரர் பதக்கத்தையும் வில்லையும் அவர் கையில் திணித்தார். அப்போதுதான் விசில் மாமாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ! இவர் வரலைன்னா மூணு நாளும் யாருக்கு உதவி பண்றது?" கண்கள் அங்குமிங்கும் அலைந்து பேருந்து ஓட்டுநர் மேல் போய் நின்றன.

"சார், நான் வண்டி ஓட்டணும்," என்றார் ஓட்டுநர்.

"ஓட்டிட்டு வந்து விழுங்க. யார் வேண்டாம்னாங்க?"

வில்லையைக் குத்தினார்கள். விசில் ஊதியது. பேருந்து கிளம்பி முனை திரும்பும் வரை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடாரத் துணியின் ஒரு நுனி மேலே படபடத்துக்கொண்டே போயிற்று. லிஃப்ட்காரர் அவள் தலையில் கை வைக்கப் போனார். வைக்கத் தைரியம் வரவில்லை.

"வாங்கப்பா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு," என்றாள் அவள்.

அந்த அம்மாள் அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும், "அவருக்குத் தெளிஞ்சுதா பாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை.

"அது நான்தாங்க," என்றார் லிஃப்ட்காரர். "அது ரத்தம் இல்ல, எண்ணெய். நான் கரைச்சதுலதான் உங்களுக்கு வழுக்கிச்சு. எனக்கு அடியும் இல்ல, மயக்கமும் இல்ல. நீங்க கத்தினது அத்தனையும் கேட்டுச்சு."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார், திட்டுவார், திட்டினால் நன்றாக இருக்கும் என்று லிஃப்ட்காரர் தலையைக் குனிந்து நின்றார். அந்த அம்மாளுக்கு ஏனோ கோபம் வரவில்லை. நிஜமாகவே விளங்காத முகத்தோடு கேட்டார்.

"கேட்டுச்சுன்னா அப்புறம் ஏன் சார் எந்திரிக்கல?"

அத்தனை பெரிய மனிதர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து நடத்திய விசாரணையில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார், மூடினார். விசில் என்று சொல்லலாமா, விதி என்று சொல்லலாமா, மகளுக்காக என்று சொல்லலாமா என்று பார்த்தார்.

மகள் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவளும் பதிலுக்காகக் காத்து உட்கார்ந்தாள்.